போதும் என்று லோர்கன் சொல்லும்வரை

கில்மோரா
நவம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள ஓர்லாவுக்கு,

நானும் உன் தம்பி லோர்கனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் மேவும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் கெட்டிலைப் போடுகிறேன். இங்கே மழை. பெர்த்தில் வெயில் ஏறிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். மேவுக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே, அவளுக்கு உன் அப்பாவின் தோல், சீக்கிரம் சிவந்துவிடும். போன வாரக் காற்றில் மாட்டுக்கொட்டகை மேல் இரண்டு ஓடு பறந்தது. பக்கத்து வீட்டு பெக் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். ஒரு கையாலேயே எல்லோருக்கும் கேக் செய்து அனுப்புகிறாள், யாரும் சாப்பிட முடியவில்லை, யாரும் சொல்லவும் முடியவில்லை. நம் ஊர்த் தண்ணீர்த் திட்டத்துக்கு அப்பா இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண். வேகமாக வண்டி ஓட்டுகிறாள்.

போன மாதம் போனில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. என்னிஸ்ல அந்த ஹோம் நல்லா இருக்காம்மா, லோர்கன் மாதிரி ஆறு பேர்தான், ஆளுக்கு ஒரு ரூம், அவனுக்கும் முப்பது வயசாச்சு, நீ இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? வீட்டை வித்துட்டு இங்க வந்துடு. தலை அலசத் தண்ணி வராத வீட்ல யாரும்மா இருப்பா? என்று கேட்டாய். கோபமாகச் சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாய். அதனால்தான் போனை வைத்துவிட்டேன். நான்கு விஷயம் சொன்னாய், அதில் என் கைக்கு எட்டுவது ஒன்றுதான் இருந்தது. தண்ணீர்.

ஜனவரியில் அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோது நீ குளியலறையில் இருந்து கத்தியது கீழே வந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. சமையலறை நிறைய ஆட்கள், சாண்ட்விச் தட்டுகள், முன்னறையில் பெட்டியில் அவர். மேலே நீ தலை நிறைய நுரையோடு. இது ஷவர் இல்லம்மா, யாரோ மேல நின்னு அழுறாங்க என்றாய். பாதிரியார்கூடச் சிரித்தார். நல்லவேளை, யாராவது சிரிக்க வேண்டியிருந்தது. அந்த ஷவரைப் பற்றி இந்த ஊரே உன் அப்பாவைக் கேலி செய்திருக்கிறது. தேவாலய வாசலில் டின்னி ஹெஹிர் நிற்பான். மாலகி, ஊருக்கெல்லாம் தண்ணி விடுற, வீட்ல பொண்டாட்டி தலைக்கு சொட்டு மருந்து மாதிரி விடுறியாமே? என்பான். அவர், அவ தலை சின்னதுதான்டா, போதும் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும். வருடக்கணக்காக ஒரே கேலி, ஒரே பதில்.

நானே ஆரம்பித்தேன். ஷவர் தலையைத் திருகிக் கழற்றி, பாத்திரத்தில் வினிகர் ஊற்றி ஊறப்போட்டேன். நம் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலில் படிவது உனக்குத் தெரியும். வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. ஊசியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தினேன். மாட்டித் திறந்தால், முன்பு கோணலாக அழுதது இப்போது நேராக அழுதது. அவ்வளவுதான் முன்னேற்றம். பிறகு ஹோஸை மாற்றினேன். கடைக்காரன் புதுத் தலை ஒன்றைக் கொடுத்தான், சின்ன ஓட்டைகள், குறைந்த தண்ணீரையும் வேகமாகக் காட்டும் என்றான். காட்டியது. மழைத்தூறலில் நிற்பது போல இருந்தது. அதற்கு வெளியிலேயே நின்றிருக்கலாம்.

அதன்பின் டின்னியைக் கூப்பிட்டேன். இப்போது அவனுக்கு முழங்கால் சரியில்லை, பிளம்பர் வேலையை மகனிடம் விட்டுவிட்டான், மாலகி வீடு என்பதால் தானே வருவேன் என்று வந்தான். பரணில் ஏறித் தொட்டியைப் பார்த்தான். மேலிருந்தே கத்தினான். ஏம்மா பிரீஜ், தொட்டி ஷவருக்கு மேல ஒரு முழம்தான் இருக்கு, தண்ணி எப்படி விழும், கூச்சப்படுது என்றான். தொட்டியைத் தூக்கி வைக்கலாம் என்றால் கூரை இடிக்கிறது. பம்ப் வெச்சா சுவத்துல இருக்கிற பெயின்ட்டே போயிடும், அப்படிக் கொட்டும் என்றான். பம்ப் சத்தம் போடும். வேண்டாம் என்றேன். லோர்கன் வீட்டில் இருக்கும்போது நான் வாக்குவம் கிளீனர்கூடப் போடுவதில்லை என்பது அவனுக்கும் தெரியும். சரி என்று தலையைச் சொறிந்துகொண்டு கீழே வந்தான், வெந்நீர் அலமாரிக்குள் தலையை விட்டான். துண்டுகளையெல்லாம் எடுத்து வெளியே போட்டேன். செம்பு வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால், பஞ்சு உறைக்குள் மறைந்து, குழாயில் ஒரு கேட் வால்வு. சிவப்புச் சக்கரம். அந்த அலமாரியில் நான் எத்தனை ஆயிரம் துண்டு அடுக்கியிருப்பேன், அதைப் பார்த்ததில்லை.

டின்னி அதைத் தொட்டுப் பார்த்தான். ஏதோ மோசமான வார்த்தை சொன்னான், உடனே மன்னிப்புக் கேட்டான். இது முக்கால்வாசி மூடிக் கிடக்கும்மா என்றான். குளியலறைக்குப் போகிற சுடுதண்ணியே இது வழியாத்தான் போகுது, இத்தனை வருஷமா யாரும் திறக்கலையா? வால்வு துருப்பிடிக்கவில்லை. நன்றாகச் சுழன்றது. அவன் எண்ணெய் போட வேண்டும் என்று எடுத்த டப்பாவைத் திரும்ப வைத்தான், யாரோ முன்னாடியே போட்டிருக்காங்க என்றான். அப்போது இரண்டு பேருமே அதைப் பற்றி யோசிக்கவில்லை. முழுதாகத் திறந்தான். நான் மாடிக்கு ஓடிப்போய் ஷவரைத் திறந்தேன்.

ஓர்லா, கொட்டியது. திரைச்சீலை ஆடும்படி. என் கண்ணாடி, ஸ்வெட்டர், தரை, எல்லாம். டின்னி படிக்கட்டில் நின்று கைதட்டினான். மாலகி, சுடுதண்ணியை மிச்சம் பிடிச்சியா, நீ பெரிய கள்ளன்டா என்றான், மேலே பார்த்து. தேநீர் குடித்தான். பெக்கின் கேக் இரண்டு துண்டு எடுத்தான். இரண்டாவதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டேன். அவன் போனதும் நான் குளித்தேன். நடுப்பகலில். ஹீட்டரை அணை என்று சொல்ல உன் அப்பா இல்லாத ஒரு வீட்டில். முதுகு முழுக்க ஒரே நேரத்தில் நனைந்தது. உனக்கு இது ஒன்றுமில்லை, அங்கே தினமும் அப்படித்தான். எனக்கு அழுகை வந்தது. பேரப்பிள்ளையை இந்தத் தண்ணீரில் நிறுத்தலாம், அவள் கத்திச் சிரிப்பாள் என்று நினைத்தேன். வா, சரியாகிவிட்டது, வீட்டை விற்க வேண்டியதில்லை என்று உனக்கு எழுத முதல் வரியைக்கூட யோசித்துவிட்டேன். சுவருக்குள் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. கொதிக்கப்போகிற கெட்டில் போல. புதுத் தண்ணீர், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குப் பகல்நேர மையத்து மினிபஸ் லோர்கனை இறக்கிவிட்டது. எப்போதும் போல. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான், ஷூக்களைச் சுவரோடு ஒட்டி வைத்தான், ஜன்னலருகே நின்று மைக்கேல் வீட்டு மாடுகள் கொட்டகைக்குப் போவதைப் பார்த்தான். ஆறு மணிக்கு அவன் குளியல். அவன் தன் அறையில் உட்கார்ந்து உடுப்பை மடித்துக்கொண்டிருப்பான், நான் தண்ணீரைத் திறந்து சூடு பார்த்துவிட்டுக் கூப்பிடுவேன். அன்றும் திறந்தேன்.

கீழே அவன் கத்தினான். அவன் கத்திக் கேட்டு இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. எட்டு வயதில் கத்தியது போலவே, ஆனால் ஒரு பெரிய ஆணின் தொண்டையில். உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது நீ ஆறாம் வகுப்பு, காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்ப் படிப்பாய். கீழே அவன் அறைக்கு ஓடினேன். சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சுவருக்குள்தான் குழாய் போகிறது. குளியலறையில் மெல்லிசாகக் கேட்டது அங்கே நீளமாக, கூராக, விடாமல். எனக்கே பல் கூசியது. அவனுக்கு என்னவாக இருந்திருக்கும். தலையணையைச் சுவருக்கும் அவன் நெற்றிக்கும் நடுவில் வைத்தேன். என்னைத் தள்ளவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.

வெந்நீர் அலமாரியின் முன்னால் போய் நின்றான். கதவைத் தட்டினான். தட்டிவிட்டு, மரியாதையாக ஒரு அடி பின்னால் தள்ளி நின்று, அப்பா, கொஞ்சம் என்றான்.

அப்பா இறந்து பத்து மாதம். அடக்கத்தன்று பெட்டியருகே நின்றான், மாடுகளைப் பார்ப்பது போலப் பார்த்தான், போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தச் சொல்லே அவன் வாயில் வரவில்லை. அவனுக்குப் புரியவில்லையோ என்று நீ கேட்டாய், எனக்கும் தெரியவில்லை என்றேன். மேசையில் அவர் நாற்காலியை எடுத்தபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அலமாரிக் கதவைத் திறந்தான். உள்ளே துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான். பின்னால் கையை விட்டுத் தடவினான். அப்பா, கொஞ்சம் என்றான் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, காது கேட்காத ஒருவரிடம் சொல்வது போல. தண்ணீர் மாடியில் கொட்டிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

நான் முழங்காலிட்டுக் கையை உள்ளே விட்டேன். சக்கரம் கிடைத்தது. வலது பக்கம் கால் சுற்று திருப்பினேன். அவன் என் கையைப் பார்த்தான். பிறகு தன் அறைக்குப் போனான். கட்டில் சத்தம் கேட்டது, உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்து, கொஞ்சம் என்றான். திருப்பினேன். கொஞ்சம். திருப்பினேன். அவசரமில்லாமல் சொன்னான். ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். இரண்டு பேர் சேர்ந்து பல தடவை செய்த வேலை அது, நான் இடையில் வந்து ஒருவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று என் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. கடைசியில், போதும் என்றான். மாடிக்குப் போனேன். ஷவர் அழுதுகொண்டிருந்தது. அதே பழைய தாரை. லோர்கன் பின்னாலேயே வந்து, துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, குளித்தான்.

அந்த எட்டு வயதுக் காலத்தில் லிமரிக்கில் இருந்து அவனுக்குச் சிகிச்சை செய்ய ஒரு பெண் வந்தாள், நினைவிருக்கிறதா, சின்னச் சின்ன மணிகளோடு. மூன்று மாதம் அவனோடு உட்கார்ந்து மணி அடித்தாள். அப்போதுதான் அவன் கத்துவது நின்றது. நான் அவளுக்கு இன்றுவரை கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறேன். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று முதல் அட்டையில் எழுதினேன். அதை அஞ்சலில் போட்டு வந்தது உன் அப்பா. போகும் வழியெல்லாம் என்ன நினைத்திருப்பார். இந்த வருடமும் அனுப்புவேன். நல்ல பெண், மணிகளும் நன்றாகத்தான் இருந்தன.

மறுநாள் டின்னியை மறுபடி வரச் சொன்னேன். மினிபஸ் போன பிறகு. முழுக்கச் சொன்னேன். உட்கார்ந்து கேட்டான், தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான். பைப் ஆடுது, அதான் சத்தம், பலகையைத் தூக்கி நாலு கிளிப் அடிச்சா நின்னுடும்மா, இதுக்குப் போயா என்றான். லோர்கன் அறையில் கட்டிலை நகர்த்தித் தரைப்பலகையைத் தூக்கினோம். நகர்த்தும் முன் கட்டில் கால்களைச் சுற்றி நான் சாக்பீஸால் கோடு போட்டேன், திரும்ப அதே இடத்தில் வைக்க. கீழே கிளிப்கள் ஏற்கெனவே இருந்தன, வேண்டியதற்கு மேல். குழாய் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. நீலக் கம்பளித் துணி. நாடா நாடாவாக வெட்டி, ஒவ்வொரு நாடாவும் கயிற்றால் கட்டி. ஒரு நாடாவில் பள்ளி முத்திரை பாதி இருந்தது.

உன் ஸ்வெட்டர் ஓர்லா. நீ தொலைத்துவிட்டதாக நான் திட்டினேனே, தொலைக்கலைம்மா கொடியில்தான் போட்டேன் என்று நீ அழுதாயே. நீ தொலைக்கவில்லை. வீட்டில் அதைவிடத் தடியான கம்பளி வேறில்லை.

டின்னி பலகை மேல் மண்டியிட்டபடியே சுவரைத் தட்டிப் பார்த்தான். இதுக்கு மேல பைப் கான்கிரீட்டுக்குள்ள போகுது, சத்தம் அங்கேருந்துதான் வருது, சுவத்தை உடைச்சாதான் உண்டு, ரெண்டு வாரம் தூசி, டிரில், ஆளுங்க என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவனுக்கும் புரிந்துவிட்டது. இந்த அறையில் இரண்டு வாரம் டிரில். எல்லாத்தையும் பண்ணிப் பாத்திருக்கான், அப்புறம்தான் வால்வுக்குப் போயிருக்கான் என்றான். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. முழங்கால் என்று நினைத்துக் கை கொடுத்தேன். முழங்கால் இல்லை. இத்தனை வருஷமா வாசல்ல நின்னு அவனை நான் ஓட்டுனேனே பிரீஜ், ஒரு வார்த்தை சொல்லலையே கழுதை என்றான். பலகையைத் திரும்பப் பதிக்கும்போது ஆணியை அடிக்காமல் திருகாணியாகப் போட்டான். சாக்பீஸ் கோட்டில் கட்டிலை வைத்தோம்.

உன் அப்பாவின் வேலை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போல இருக்கிறது. விடியும் முன் எழுந்து போவார், ஊர் தண்ணீர் திறப்பதற்கு முன்னால். ஒரு நீளமான இரும்புக் கம்பி, ஒரு முனை சாலைக்கடியில் குழாய் மேல், மறுமுனை காதில். நிலத்துக்குள் எங்கே கசிகிறது என்று கேட்பார். நானும் நீயும் அந்தக் கம்பியை வைத்து நிறையச் சிரித்திருக்கிறோம். ஆனால் இந்த வீட்டில் லோர்கனுக்குக் கேட்பது கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். மணிகளை வைத்துக்கொண்டு நாங்களெல்லாம் அவனுக்குள் என்ன கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தபோது, அவர் சுவரில் காதை வைத்திருக்கிறார். சத்தம் இருந்தது. அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். எனக்கு இப்படித் தோன்றுகிறது. சொல்லியிருந்தால், குளிர்காலக் காலையில், பஸ்ஸுக்கு நேரமாகி, கண்ணில் சோப்போடு நீ நிற்கும்போது, யாரைத் திட்டியிருப்பாய்? பதினாலு வயதில் யாரும் தம்பியைத்தான் திட்டுவார்கள். நீ அப்பாவைத் திட்டினாய். தண்ணீர் வேலை செய்கிற ஆளுக்குத் தன் வீட்டு ஷவரைச் சரிசெய்யத் தெரியவில்லை என்று கதவைச் சாத்தினாய். அவர் கீழே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லி உன்னை வருத்தப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. நீ லோர்கனை ஒரு நாள்கூடத் திட்டியதில்லை. உன் கோபம் விழுவதற்கு அவர் தன்னையே காட்டி நின்றார். அவர் விரும்பியபடியே நடந்தது.

இனி என்னிஸ். நான் போய்ப் பார்த்தேன். உனக்குச் சொல்லாமல். நல்ல இடம், நீ சொன்னது சரி. சுத்தம், ஜன்னலில் வெளிச்சம், ஒரு பையன் கிட்டார் வாசித்துக் காட்டினான். குளியலறை காட்டினார்கள். புதுக் குழாய், பம்ப், சுவர் முழுக்கத் தண்ணீர். அந்தப் பெண் பெருமையாகத் திறந்து காட்டினாள். நான் கையை நீட்டாமல் பக்கத்து அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளிடம் எப்படிச் சொல்வது. ஒருபோதும் முடியாது என்று நான் சொல்லவில்லை ஓர்லா. எனக்கு அறுபத்தாறு ஆகிறது, காலையில் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறேன். ஆனால் இப்போதைக்கு வீட்டை விற்கவில்லை. நான் பெர்த்துக்கு வரவில்லை. உன்னிடம் இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் லைன் சரியில்லை என்பேன்.

ஜனவரியில் அப்பாவின் வருட நினைவுப் பூசைக்கு வரமுடியுமா பார். முடியாவிட்டால் பரவாயில்லை, தூரம் எனக்குத் தெரியும். வந்தால் ஷவர் அப்படியேதான் இருக்கும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் சுடவைத்து, சமையலறைத் தொட்டியில் உன் தலையைக் குனிய வைத்து, ஜக்கில் மொண்டு நானே ஊற்றுகிறேன். மேவுக்கும். அது சத்தம் போடாது.

இருமல் விடவில்லை என்றால் மேவை டாக்டரிடம் காட்டு, நெட்டில் படித்துக்கொண்டிருக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நன்றாக இருங்கள். அந்த வெயில் உங்கள் மேல் அளவாக விழட்டும், வீட்டில் யாருக்கும் யார் மேலும் கசப்பு வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. வெந்நீர் அலமாரி, கீழ்த்தட்டு, துண்டுகளுக்குப் பின்னால். பஞ்சு உறையை விலக்கினால் சிவப்புச் சக்கரம். யாராவது வேலைக்காரர் வந்து திறந்துவிட்டால், அல்லது வீட்டில் அப்போது நான் இல்லையென்றால், வலது பக்கம் திருப்ப வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ணாதே, அப்பாவும் எண்ணியிருக்க மாட்டார். மெதுவாகத் திருப்பு. அவன் அறையில் இருந்து கொஞ்சம் என்பான். இன்னும் திருப்பு. போதும் என்று அவன் சொல்லும்வரை. அப்பா யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். நான் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா